காலிக் கட்டத்தில் நான் எழுதிய பெயர்

முப்பத்துமூன்று வயதில் ஒருத்தி ஓய்வு பெற்றுவிட்டதாக எழுதினால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ராஜினாமா செய்கிறவர்கள் இன்னொரு நிலையத்தில் போய்ச் சேர்வார்கள். நான் இனி எந்த வானொலி நிலையத்தின் படியும் ஏறப் போவதில்லை. ஆகவே இதை ஓய்வு என்றே சொல்கிறேன்.

போன மாதம் ஹாரிகா என்ற பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். திருப்பதியில் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் ஓர் எக்செல் தாள். ‘லேபிள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது. “அக்கா, நம்மளே ரெக்கார்ட் பண்ண பாட்டுக்கு இங்க என்ன போடணும்? காலியா விட்டா அப்லோட் ஆகல. சார் ஏதாவது ஒண்ணு போடச் சொல்றாரு” என்று கீழே கேட்டிருந்தாள்.

அந்தச் சிவப்புக் கட்டம் எனக்குப் பழக்கமானது. அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அவள் அதைக் கேட்கமாட்டாள். அவள் வயதில் நானும் கேட்டிருக்கமாட்டேன். அவளைப் போல இன்னும் பல நிலையங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் பி.டெக். பிறகு ஆறு மாதம் ஒலிப்பதிவுப் பயிற்சி. மைக்கை எங்கே வைப்பது, மிக்ஸரில் எதைத் தொடக்கூடாது, ஒலியை இணையத்துக்கு அனுப்பும் சர்வர் நின்றுபோனால் முதலில் எந்த ஒயரைப் பார்ப்பது. இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார்கள். உரிமைச் சட்டம் பற்றி ஒரு மணி நேர வகுப்பு இருந்தது. அன்றைக்கு ஆசிரியர் வரவில்லை.

எங்கள் நிலையம் ஒரு கல்லூரி அறக்கட்டளையுடையது. கல்லூரி மாடியில் ஒரு சிறிய எஃப்.எம். கம்பம். அதன் அலை திருப்பதி ஊரைத் தாண்டினாலே பெரிது. ரேணிகுண்டாவில் பாதி கேட்கும், ஏர்பேடு போனால் இரைச்சல்தான். சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எங்களை போனில், இணையம் வழியாகத்தான் கேட்டார்கள். ஒரே நிகழ்ச்சி இரண்டு வழியில் போனது. கம்பம் ஒரு வழி, இணையம் ஒரு வழி. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சட்டத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு உலகம்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றலையில் ஒலிபரப்பும் நிலையத்துக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. வெளியான ஒரு பாட்டை, முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டி ஒலிபரப்பலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. இணையத்துக்கு அந்த வழி பொருந்தாது என்று ஓர் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இணையத்தில் விட வேண்டுமானால் ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும். அவர் மறுக்கலாம். பதிலே போடாமலும் இருக்கலாம். ஆக, காலை எட்டு மணிக்கு ஒரு சினிமாப் பாட்டைக் கம்பத்தில் விட்டால் சரி. அதே நொடியில் அதே பாட்டை போனில் விட்டால் தப்பு.

இதற்காக நான் ஒரு முறை வைத்திருந்தேன். சுவரில் ஐந்து வரிகள் எழுதி ஒட்டியிருந்தேன். சினிமாப் பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பு இணைய வழியைப் பிரி. அனுமதி வாங்கிய பாட்டு எதையாவது அதில் ஏற்று. இரண்டு காதிலும் இரண்டு ஒலி கேட்கிறதா என்று பார். பாட்டு முடிந்ததும் சேர். சேர்த்த நேரத்தை நோட்டில் எழுது. முதல் மாதம் ஒருநாள் நான்காவது வரியை மறந்துவிட்டேன். மூன்று மணி நேரம் இணையத்தில் வெறும் வீணை ஓடியது. குப்பத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “இன்னைக்கு யாரும் பேசவே இல்ல மேடம், ரொம்ப நல்லா இருந்துச்சு, தெனம் இப்படியே உடுங்க” என்றார்.

எங்கள் மேலாளர் பிரபாகர் சார். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். குரலை உயர்த்தியதே இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே வீட்டுக்கு அனுப்புவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல அலுவலகத்தில் ஒருவரும் கிடைக்கமாட்டார். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. எதையும் எழுதித் தரமாட்டார். நான் மெயில் அனுப்பினால் பதில் மெயிலில் வராது, நடந்து வரும். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, பேனா மூடியால் கண்ணாடித் தடுப்பை இரண்டு தட்டுத் தட்டுவார். “சிம்பிள்மா” என்று ஆரம்பிப்பார். சொல்லி முடித்ததும் “ஏமீ காதம்மா” என்பார், ஒன்றும் ஆகாது என்று. பிறகு போய்விடுவார். ஒன்பது வருடத்தில் அவர் கையெழுத்தோடு எனக்கு வந்த காகிதங்கள் இரண்டு. ஒன்று வேலை ஆணை. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு எங்களுக்கு ஒரு கீர்த்தனை நிகழ்ச்சி இருந்தது. சித்தூரில் மிஷன் காலத்துப் பழைய தமிழ்க் கிறிஸ்தவச் சபை ஒன்றின் பாடகர் குழுவைக் கொண்டு நாங்களே பதிவு செய்தது. ஓர் அச்சகத்தின் பின்னறையைப் பதிவறையாக வைத்திருந்தோம். அச்சு இயந்திரம் சனிக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரைக்கும்தான் நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் துணி வைத்து, பதினான்கு பேர் வேர்த்து ஒழுகப் பாடுவார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்பு ஒருவர் அதன் முதல் அடியைப் பாடாமல், பேச்சாக உரக்கச் சொல்வார். அதன் பிறகுதான் ஆர்மோனியமும் குழுவும் சேரும். எழுதப் படிக்கத் தெரியாத சபையாருக்காக அந்தக் காலத்தில் வந்த வழக்கமாம். இப்போது எல்லோர் கையிலும் போனில் பாட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆனாலும் அடி சொல்லாமல் அவர்களுக்குப் பாட வராது. அடி சொல்கிறவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் குழு மூச்சு எடுக்கும்.

எங்கள் பதிவுகளில் அடி சொன்னவர் சுகிர்தம் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தமிழிலும் தெலுங்கிலும் அறிவிப்புச் சொல்கிற வேலை. வேலூர் பஸ் எந்தப் பிளாட்பாரம், பலமனேர் வழியாகப் பெங்களூர் போவது எத்தனை மணிக்கு என்று இருபது வருடம் சொல்லிய குரல். அதே குரலில்தான் கீர்த்தனையின் அடியையும் சொல்வார். நீட்டமாட்டார், உருகமாட்டார். தெளிவாகச் சொல்லி நிறுத்துவார். குழுவில் கனத்த கீழ்க்குரலில் பாடும் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் “பயணிகள் கவனத்துக்கு, பாட்டு கெளம்பப் போவுது” என்று கேலி செய்வார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஒனக்கு டிக்கெட் இல்ல, எறங்கிக்கோ” என்பார்.

அவருக்கு மட்டும் தனி மைக். ஒலி அளவு பார்க்க நான் எல்லோரிடமும் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் ஆட்கள் விறைத்துப் போவார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் இயல்பாகப் பேசுவார்கள். அக்கா அதற்கும் அறிவிப்பு மாதிரியே பதில் சொல்வார். நான் அளவைக் குறித்துக்கொண்டு, என் சின்ன ரெக்கார்டரில் பிடித்த அந்தத் துண்டுப் பதிவைச் ‘சோதனை’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவேன். பிறகு பாட்டு.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு கீர்த்தனைகள் பதிவு செய்தோம். நிகழ்ச்சியைத் துபாயில் கேட்டேன், ஓசூரில் கேட்டேன் என்று செய்திகள் வரும். கம்பத்தின் அலை சித்தூரை எட்டாததால் பாடியவர்களே தங்கள் பாட்டை போனில்தான் கேட்டார்கள்.

இனி அந்தத் தாள். பழைய பக்திக் கேசட்டுகளின் உரிமையை எல்லாம் வாங்கி வைத்திருந்த ஒரு கம்பெனியோடு எங்களுக்கு இணைய ஒலிபரப்புக்கான ஒப்பந்தம் இருந்தது. மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள், இணையத்தில் போன ஒவ்வொரு பாட்டையும் அவர்கள் தந்த எக்செல் தாளில் நிரப்பி அவர்கள் தளத்தில் ஏற்ற வேண்டும். பாட்டின் பெயர், ஆர்ட்டிஸ்ட், லேபிள், நீளம், எத்தனை முறை போனது. லேபிள் என்றால் ஒலிப்பதிவுக்கு உரிமையுள்ள கம்பெனி. அந்தக் கட்டத்தில் நாம் தட்டச்சு செய்ய முடியாது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் கம்பெனிப் பெயர்கள் மட்டுமே இருந்தன. ‘நிலையத்தின் சொந்தப் பதிவு’ என்று ஒரு தேர்வு இல்லை. காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகும், தாள் ஏறாது.

ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன. வரிகளின் மேல் ஒன்று. மெட்டின் மேல் ஒன்று. குறிப்பிட்ட ஆட்கள் குறிப்பிட்ட நாளில் பாடி எடுத்த ஒலிப்பதிவின் மேல் ஒன்று. எழுதியவரும் மெட்டமைத்தவரும் இறந்து அறுபது வருடம் கடந்துவிட்டால் முதல் இரண்டும் பொதுச்சொத்து. அந்தக் கீர்த்தனைகளை எழுதியவர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது உரிமை வேறு. நூறு குழுக்கள் அதே பாட்டைப் பதிவு செய்தால் நூறு பதிவுகள், நூறு உரிமைகள். கம்பெனியின் பழைய கேசட்டில் அதே கீர்த்தனை இருப்பதால் எங்கள் பதிவு கம்பெனியுடையது ஆகிவிடாது.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பிரபாகர் சாருக்கு மெயில் அனுப்பினேன். பதில் நடந்து வந்தது. இரண்டு தட்டு.

“சிம்பிள்மா. அந்தப் பாட்டு முன்னாடியே எந்த கேசட்ல வந்திருக்கோ அந்தக் கம்பெனி பேரைப் போடு. ஒரே பாட்டுதானே?”

பாட்டு ஒன்றுதான், பதிவு வேறு என்றேன். கேசட்டிலேயே வராத பாட்டுகளும் இருக்கின்றன என்றேன்.

“ஏமீ காதம்மா. அதுக்கும் அவங்க பேரையே போடு. சிவப்பு போனா போதும்.”

அப்லோட் செய்தாக வேண்டிய கடைசி நாள். நான் போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பதினான்கு பேரின் பெயர் கொள்ளாது என்பதால் ‘பலர்’ என்று எழுதினேன். மூன்று வருடம், நாற்பத்தொரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், தட்டச்சுப் பிழைகூட இல்லாமல், எங்களுடையதல்ல என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் பட்டியல் போடுவதில் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்க அவர்கள் கேட்டது எங்களால் ஆகாதது. விட்டுவிட்டோம். அவர்கள் கேசட் பாட்டுகளை எல்லாம் நானே ஒன்று விடாமல் இணைய வரிசையிலிருந்து நீக்கினேன். கீர்த்தனை நிகழ்ச்சி தொடர்ந்தது, அது எங்களுடையது என்பதால். இரண்டு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் எங்கள் கம்பெனியின் நாற்பத்தொரு ஒலிப்பதிவுகளை இணையத்தில் ஒலிபரப்புகிறீர்கள், உடனே நிறுத்தி, எல்லாப் பிரதிகளையும் அழித்து, எழுத்தில் உறுதி தர வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று. ஆதாரமாகப் பின்னால் இணைத்திருந்தவை நான் நிரப்பிய தாள்கள்.

அந்த நேரத்தில் சுகிர்தம் அக்காவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்தது, குரல் போகலாம் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். போய்விட்டது. காற்று உரசுகிற சத்தம் மட்டும் மிச்சம். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பேசிய அறிவிப்புகள் அந்தந்த நாளோடு காற்றில் போயின. அவருடைய குரல் ஒழுங்காகப் பதிவாகியிருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான். நாங்கள் பதிவு செய்த அந்த நாற்பத்தொரு கோப்புகளில். அதைத்தான் அழிக்கச் சொன்னார்கள்.

நான் மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கம்பெனியின் கேசட் பதிவுகளையும் எங்கள் பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். வித்தியாசம் கண்டுபிடிக்க இசை தெரிய வேண்டியதில்லை. கேசட்டில் வயலின், தபலா, மெட்ராஸ் ஸ்டூடியோ எதிரொலி. எங்கள் பதிவில் முதல் ஐந்து நொடியிலேயே ஒரு பெண் அடியைச் சொல்கிறாள். கேசட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை. இன்னொன்றும் தெரிந்தது. ஒப்பந்தத்தோடு அவர்கள் தந்த சொந்தப் பட்டியலில், அந்த நாற்பத்தொன்றில் ஏழு கீர்த்தனைகள் இல்லவே இல்லை. அவர்கள் ஒருநாளும் பதிவு செய்யாத ஏழு பாட்டுகளைத் தங்களுடையவை என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கவில்லை. தங்கள் பட்டியலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. என் தாளைப் பார்த்தார்கள், போதும் என்று விட்டார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் பதிவான நாள், பாடியவர் பெயர்கள், எந்த மைக், அடி சொல்லும் நொடி எது முதல் எது வரை என்று எழுதி, லேபிள் கட்டத்தைத் தவறாக நிரப்பியது நான்தான் என்று கடிதமும் எழுதி, பிரபாகர் சார் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். முதல் தடவையாகத் தட்டாமல் பேசினார்.

“இதை அனுப்பினா, மூணு வருஷமா நாம தப்பு ரிப்போர்ட் கொடுத்தோம்னு நாமளே ஒத்துக்கறதாகும். மத்த பாட்டுக்கெல்லாம் கணக்குக் கேப்பாங்க. டிரஸ்ட்ல என்னைக் கேப்பாங்க.”

தப்பு ரிப்போர்ட் கொடுத்தது உண்மைதானே என்றேன். கொடுக்கச் சொன்னது நீங்கள்தானே என்றும் கேட்டேன்.

“நான் எப்போ சொன்னேன்மா?” என்றார். கோபமில்லாமல், உண்மையிலேயே ஞாபகம் இல்லாதவர் போல. நான் என் மெயில்களைத் திறந்து காட்டினேன். என் கேள்விகள் இருந்தன. அவர் பதில் ஒன்றுகூட இல்லை. பதில்கள் எல்லாம் நடந்து வந்து நடந்து போனவை.

கம்பெனியோடு வீடியோ அழைப்பு ஒன்று நடந்தது. அவர்கள் பக்கம் சென்னையிலிருந்து ஓர் இளைஞர். எங்கள் பக்கம் ஒரே மடிக்கணினி முன்னால் பிரபாகர் சாரும் நானும். பத்து நொடி ஒலி போட்டுக் காட்டுகிறேன், அதைக் கேட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

“மேடம், நாங்க கேட்டு முடிவு பண்றதில்ல. ஷீட்ல என்ன இருக்கோ அதுதான்” என்றார் அவர்.

அதில் ஏழு பாட்டு உங்கள் பட்டியலிலேயே இல்லை என்றேன். அப்படியானால் ஏன் எங்கள் பெயரைப் போட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பிரபாகர் சார் கையை நீட்டி மைக்கை நிறுத்தினார். திரையில் அந்த இளைஞர் நான் பேசுவதாக நினைத்துக் காத்திருந்தார். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். சார் அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். வானொலி நிலையம் ஒன்று, பாட்டுக் கம்பெனி ஒன்று, நடுவில் நாற்பத்தொரு பாட்டு. அவ்வளவு பேரில் ஒருவரும் ஒரு நொடிகூடக் காது கொடுக்கவில்லை.

சித்தூருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில், பாஸ் கவுண்டருக்குப் பின்னால். கண்ணாடிக்கு வெளியே கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ இயந்திரக் குரல் குப்பம் பஸ்ஸை அறிவித்தது. அக்கா ஒரு படிவத்தில் முத்திரை குத்திக்கொண்டே கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கட்டத்தையும் சொன்னேன். அவர் பேசும்போது நான் காதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“அந்தத் தாள்ல எம் பேரு எங்க இருந்துச்சு?”

இல்லை என்றேன். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் ‘பலர்’ என்று போட்டேன் என்றேன்.

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். “நான் பலரா?”

அவர் அடுத்த படிவத்தை எடுத்தார். “வேர்த்துக்கினு, ஃபேனை நிறுத்திக்கினு, மூணு வருஷம் வந்து பாடுனோம். இன்னா கேட்டோம் ஒன்ன? ஒரு பேரு எழுத ஒனக்கு எடம் இல்ல. அவன் பேரு எழுத மட்டும் எடம் இருந்துச்சு.” பிறகு வரிசையில் நின்ற பையனைப் பார்த்து போட்டோ எங்கே என்று சைகையால் கேட்டார். சத்தமாகக் கேட்க அவரால் முடியாது.

திருப்பதி திரும்பும் பஸ்ஸில் என்ன செய்வது என்று முடிவு செய்தேன். சர்வரின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. நான் அழிக்கமாட்டேன். அதை எழுத்திலும் கொடுப்பேன். மறுநாள் கொடுத்தேன். பிரபாகர் சார் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “உடம்பைப் பார்த்துக்கோ, ரெண்டு நாள் ரெஸ்ட் எடு” என்றார். நான் முட்டாள், எடுத்தேன். திரும்பி வந்தபோது சர்வரை வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனத்தின் மூலம் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. கீர்த்தனைக் கோப்புறை இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. சித்தூர் பதிவறையின் ஹார்ட் டிஸ்க்கையும் ஆள் அனுப்பி எடுத்துவந்து துடைத்திருந்தார்கள். பாட்டு உங்கள் சொத்து அல்ல, வீட்டுக்குப் பிரதி எடுத்துப் போகாதீர்கள் என்று எல்லோருக்கும் சட்டம் சொன்னவள் நான். அதனால் என் வீட்டிலும் பிரதி இல்லை.

என் மேசையில் ஒரு காகிதம் இருந்தது. கம்பெனிக்கு அனுப்பிய உறுதிமொழியின் நகல். நாற்பத்தொரு ஒலிப்பதிவுகளும் தங்களுடையவை, அனைத்துப் பிரதிகளும் அழிக்கப்பட்டன. கீழே பிரபாகர் சாரின் கையெழுத்து. அதுதான் நான் சொன்ன இரண்டாவது காகிதம்.

அன்று மதியமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் கடிதத்தை, தாளை, நொடிக்கணக்கை எல்லாம் கம்பெனிக்கு நேரடியாக அனுப்பினேன். நிலையம் உறுதிமொழி தந்துவிட்டதால் விவகாரம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சபையார் சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். பாடியவர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு, வழக்குப் போடலாம் என்றார் அவர். பாடியபோது நிலையத்தோடு ஏதாவது ஒப்பந்தம் எழுதினீர்களா என்று கேட்டார். இல்லை. பெயர் எங்காவது பதிவாகியிருக்கிறதா? இல்லை. சரி, பதிவையாவது போட்டுக் காட்டுங்கள் என்றார்.

சபையில் இப்போது வேறொரு பெண் அடி சொல்கிறாள். நன்றாகத்தான் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

வேலையை விட்ட இரண்டாவது மாதம் என் பழைய பையைக் காலி செய்தபோது மைக் அளவு குறிக்கும் சிறிய ரெக்கார்டர் கிடைத்தது. அது என் சொந்தப் பணத்தில் வாங்கியது. உள்ளே ‘சோதனை’ என்று பெயரிட்ட துண்டுகள். அவற்றை நான் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை, பாட்டு அல்ல என்பதால். எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அழிக்கச் சொன்னவர்களின் பட்டியலிலும் அவை இல்லை. அக்காவின் துண்டுகள் முப்பதுக்கு மேல் இருந்தன.

ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போனேன். அக்கா வீட்டில்தான் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே மடிக்கணினியில் ஓட விட்டேன்.

“இன்னைக்குக் காலையில ராகிக் களி. தொட்டுக்க வேர்க்கடலைத் தொவையல். எம் பொண்ணு துன்னமாட்டேன்னுட்டா, அதையும் நானே துன்னேன். போதுமா, இன்னும் கத்தணுமா?” என்றது குரல். தெளிவாக, வேலூர் பஸ்ஸை அறிவிப்பது போல. அடுத்த துண்டில் ரெண்டு இட்லி. அதற்கடுத்ததில் உப்புமா, அதில் உப்பில்லை.

அக்கா முழுவதையும் கேட்டார். அழவில்லை. முடிந்ததும், “சாமி பாட்டெல்லாம் அவன் எடுத்துக்கினான். உப்புமாவை எனக்கு உட்டுட்டான்” என்றார், காற்றுச் சத்தத்தில். பிறகு பென் டிரைவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஹாரிகா, உனக்குப் பதில் இது. இப்போது ஒப்பந்தம் வேறு கம்பெனியோடு இருக்கலாம், கட்டம் அதேதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. சிவப்பாக இருக்கட்டும். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் எல்லோர் பெயரையும் எழுது, கொள்ளாவிட்டால் கட்டத்தைப் பெரிதாக்கு. பாடுகிறவர்களிடம் முதல் நாளே ஒப்பந்தம் எழுதி, அவர்களுக்கு ஒரு நகலும் பதிவின் பிரதியும் கொடு. தாள் ஏறவில்லை, ஏதாவது ஒன்றைப் போடு என்று சொல்ல உன் மேசைக்கு ஒருவர் நடந்து வருவார். மரியாதையாக எழுந்து நில். பேனா அவர் கையிலேயே இருக்கும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்து, அதை எழுதித் தரச் சொல்.